ஊசிக்கு முன் காலண்டர்: தொழுவத்திலும் வீட்டிலும் வரும் கருப்பைக் கோளாறுகள், அறிகுறி வாரியாக

பள்ளத்தூர்ப் பக்கம் ஓர் ஆச்சி வீட்டில் இரண்டாம் ஈற்றுக் கலப்பினப் பசு. மூன்று முறை "பருவ ஊசி" போட்டும் மாடு பருவத்துக்கு வரவில்லை என்று என்னை அழைத்தார்கள். நான் போனதும் கையுறையை எடுக்கவில்லை. கணக்கு நோட்டைக் கேட்டேன். செட்டிநாட்டு வீட்டில் எது இல்லாவிட்டாலும் கணக்கு இருக்கும். பால் கணக்குக்கு நடுவே ஆச்சியின் கையெழுத்தில் "மாட்டு ஊசி" என்று மூன்று செலவுகள்: ஆவணி 5, ஆவணி 26, புரட்டாசி 16. விரல் விட்டு எண்ணினேன். இருபத்தொரு நாள். மறுபடியும் இருபத்தொரு நாள்.

"ஊசி போட்ட அன்று மாட்டிடம் என்ன பார்த்தீர்கள், ஆச்சி?"

"வாலில் கொஞ்சம் இரத்தம் ஒட்டியிருந்தது, டாக்டரம்மா. பருவந்தான் என்று ஆளை வரச் சொன்னோம்."

நோய் அதோடு பிடிபட்டுவிட்டது. வாலில் இரத்தக் கறை தெரிந்தால் பருவம் வந்து போய் இரண்டு நாளாகிவிட்டது என்று பொருள். பசு இருபத்தொரு நாளைக்கு ஒரு முறை தவறாமல் பருவத்துக்கு வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது, இரவில், யாரும் பார்க்காதபோது. ஊசியோ ஒவ்வொரு முறையும் அது வேலை செய்யவே முடியாத நாளில் ஏறியிருக்கிறது. ஊசி போட்டவர் ஒரு முறையாவது தேதியைக் கேட்டிருக்கலாம்.

நான் காரைக்குடி வட்டாரத்தில் மாடு, ஆடு பார்க்கும் மருத்துவர். என் தங்கை மகப்பேறு மருத்துவர். தொழுவத்தில் கை கழுவிவிட்டு நிமிர்ந்தால், "பேத்திக்கு மூன்று மாதமாகத் தீட்டு வரவில்லை" என்று அடுத்த கேள்வி வரும். அதனால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன். மனிதர் பற்றிய பகுதிகளைத் தங்கை படித்துத் திருத்தியிருக்கிறாள்.

முதலில் ஐந்து நிமிடம், கொழுப்பு என்ன சொல்கிறது என்று

கொழுப்பு என்றால் இடுப்பில் சேர்வது, சட்டியில் ஊற்றுவது என்றுதான் நினைக்கிறோம். உடலின் ஒவ்வொரு செல்லுக்கும் சுவர் கொழுப்பால் ஆனது. அந்தச் சுவரிலிருந்து அராக்கிடோனிக் அமிலம் என்ற துண்டை ஒரு நொதி வெட்டி எடுக்கும். இன்னொரு நொதி அதை வளைத்துப் புரோஸ்டாகிளாண்டினாக மாற்றும். 1930களில் விந்தில் இதைக் கண்டவர்கள் புரோஸ்டேட் சுரப்பியிலிருந்து வருவதாக நினைத்து வைத்த பெயர் அது. விந்தில் இருப்பதன் பெரும்பகுதி வேறு சுரப்பியிலிருந்து வருகிறது என்று பிறகு தெரிந்தது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. இந்தப் பொருள்களை ஆராய்ந்ததற்காக பெர்க்ஸ்ட்ரோம், சாமுவேல்சன், வேன் மூவருக்கும் 1982இல் நோபல் பரிசு கிடைத்தது.

பசுவில் முட்டை வெளியேறிய இடத்தில் ஒரு மஞ்சள் நிறக் கட்டி வளரும். புத்தகத்தில் கார்பஸ் லூட்டியம். இங்கே மஞ்சள் கட்டி என்றே சொல்கிறேன். அது கொழுப்பின் உறவான கொலஸ்ட்ராலை எடுத்துப் புரோஜெஸ்ட்டிரோன் செய்யும். அந்த ஹார்மோன் இருக்கும்வரை அடுத்த பருவம் வராது. கரு தங்கவில்லை என்றால் ஏறக்குறைய 16, 17ஆம் நாளில் கருப்பை எஃப்-2 ஆல்ஃபா என்ற புரோஸ்டாகிளாண்டினை அனுப்பி மஞ்சள் கட்டியைக் கரைத்துவிடும். பருவம் திரும்பும்.

அது போகும் வழிதான் அழகு. இந்தப் பொருள் பொது இரத்த ஓட்டத்தில் கலந்து நுரையீரலைக் கடந்தால் அங்கேயே பெரும்பகுதி சிதைந்துபோகும். அதனால் கருப்பையின் சிரையிலிருந்து, அதை ஒட்டிச் சுற்றியிருக்கும் சினைப்பைத் தமனிக்குள் நேராகக் கசிந்து இறங்குகிறது. கானாடுகாத்தானில் முன்வாசல் ஒரு தெருவிலும் பின்கட்டு அடுத்த தெருவிலுமாக இருக்கும் வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். தெருவைச் சுற்றாமல் வீட்டுக்குள் நுழைந்து அந்தப் பக்கம் இறங்குவது போலத்தான்.

பெண்களின் உடலில் இந்தக் குறுக்கு வழி இல்லை. கருப்பையை எடுத்துவிட்டாலும் பெண்ணின் சினைப்பை தன் மாதச் சுழற்சியைத் தொடரும். பசுவின் கருப்பையை எடுத்தால் மஞ்சள் கட்டி கரையாமல் மாதக்கணக்கில் நின்றுவிடும். "மாட்டுக்குப் போடுவதையே மனிதருக்கும் போடலாமே" என்று கேட்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளவும்.

கன்று போட்டு இரண்டு மாதமாகியும் பருவம் தெரியவில்லை

வராமல் இருப்பதும் தெரியாமல் இருப்பதும் வேறு வேறு. பிந்தியதுதான் அதிகம். விடியற்காலை ஐந்து மணிக்கும் இரவு பத்து மணிக்கும் இருபது நிமிடம் தொழுவத்தில் நின்று பாருங்கள். கண்ணாடி போன்ற கோழை தொங்குகிறதா, மற்ற மாடு ஏறும்போது அசையாமல் நிற்கிறதா, அன்று பால் குறைந்ததா, காரணமில்லாமல் கத்துகிறதா? கலப்பினப் பசுவில் பருவம் 12 முதல் 18 மணி நேரம் நிற்கும். நாட்டு மாட்டில் அதைவிடக் குறைவு. கிடையில் நிற்கும் புலிகுளம் மாட்டுக்குக் காளையின் மூக்கு போதும், கொட்டிலில் கட்டிய ஒற்றை மாட்டுக்கு நம் கண்தான் காளை. எருமைக்குச் சித்திரை, வைகாசியில் ஊமைப் பருவம், அதாவது வெளியே அறிகுறி காட்டாத பருவம், சாதாரணம்.

அடுத்தது, சினையாக இருக்கிறதா என்ற சோதனை. சிரிக்காதீர்கள். பக்கத்துத் தோட்டத்துக் காளை கயிற்றை அறுத்துக்கொண்டு வந்ததை யாரும் கணக்கு நோட்டில் எழுதுவதில்லை.

இரண்டும் இல்லையென்றால் மாட்டின் பின்னால் நின்று இடுப்பெலும்பையும் விலாவையும் பாருங்கள். நாங்கள் ஒன்றிலிருந்து ஐந்துவரை உடல் மதிப்பெண் போடுவோம். கன்று போடும்போது மூன்று, மூன்றரை இருக்க வேண்டும். இரண்டுக்கும் கீழே இறங்கியிருந்தால் கோளாறு பெரும்பாலும் அங்கேதான்.

நடப்பது இதுதான். கன்று போட்டதும் பால் மளமளவென்று ஏறுகிறது. தீனி எடுக்கும் அளவு அந்த வேகத்தில் ஏறுவதில்லை. கண்மாய் வற்றிய காலத்தில் வெறும் வைக்கோல் என்றால் சொல்லவே வேண்டாம். உடல் தன் கொழுப்பைக் கரைத்து இரத்தத்தில் விடுகிறது. கரைந்த கொழுப்பு அமிலங்கள் ஈரலுக்குப் போகின்றன. ஒரு பங்கு முட்டையைச் சுற்றியிருக்கும் நீருக்குள்ளும் போய்ச் சேர்கிறது. பால்மிட்டிக், ஸ்டியரிக் அமிலங்கள் அங்கே கூடினால் முட்டைக்கும் அதைச் சுற்றிய செல்களுக்கும் கேடு. இதற்கிடையே கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின் குறைகிறது, இன்சுலினும் குறைகிறது. மூளை இதை "இருப்பு இல்லை, இப்போது இன்னொரு கன்று வேண்டாம்" என்று படித்துக்கொண்டு சினைப்பைக்குத் தரும் தூண்டுதலைத் தளர்த்திவிடுகிறது. வட்டிக்கடையில் இருப்பு பார்க்காமல் கடன் கொடுப்பதில்லை அல்லவா!

ஒரு முட்டை வளர்ந்து முதிர ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். அதனால் முதல் மாதப் பட்டினியின் பலன் மூன்றாம் மாதத்தில்தான் தெரியும். "இப்போது நன்றாகத்தானே தின்கிறது" என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

இந்த இடத்தில் பலர் செய்யும் தவறு, கொழுப்பு குறைவு என்றதும் எண்ணெயை ஊற்றுவது. ஒரு வீட்டில் தினமும் கால் லிட்டர் நல்லெண்ணெயை மூங்கில் குழாயில் வாய்வழியே கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பசுவின் முதல் வயிற்றில் நார்ச்சத்தைச் செரிக்கும் நுண்ணுயிர்களுக்கு எண்ணெய் ஆகாது. தீனியின் உலர் எடையில் மொத்தக் கொழுப்பு 6, 7 சதவீதத்தைத் தாண்டினால் வைக்கோல் செரிக்காது, கழிச்சலும் காணலாம். புண்ணாக்கிலும் பருத்திக்கொட்டையிலும் ஏற்கெனவே எண்ணெய் இருக்கிறது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கொழுப்பைக் கொடுக்க வேண்டுமானால் கால்சியத்தோடு பிணைத்த பைபாஸ் கொழுப்பு இருக்கிறது. முதல் வயிற்றில் கரையாமல் கடந்து குடலில் சேரும். நாளுக்கு 100 முதல் 200 கிராம், பாலின் அளவைப் பொறுத்து. அதுவும் தானியமும் பசுந்தீவனமும் தாது உப்பும் சரியான பிறகுதான். தீவனம் இல்லாத மாட்டுக்குப் பைபாஸ் கொழுப்பு கொடுப்பது சோறில்லாத இலையில் நெய் ஊற்றுவது.

உடல் நன்றாக இருக்கிறது, சினையும் இல்லை, பருவமும் இல்லை என்றால் சினைப்பையைக் கையாலோ ஸ்கேனிலோ பார்க்க வேண்டும். மஞ்சள் கட்டி இருந்தால் எஃப்-2 ஆல்ஃபா ஊசிக்கு, அதாவது "பருவ ஊசி"க்கு, வேலை இருக்கிறது. இரண்டு பக்கமும் வழவழவென்று இருந்தால் அந்த ஊசி வெறும் தண்ணீர். அங்கே வேறு ஹார்மோன் சிகிச்சை வேண்டும்.

பருவ ஊசி போட்டும் பலன் இல்லை

ஆச்சி வீட்டுக் கதை இது. ஊசி கரைக்க வேண்டியது மஞ்சள் கட்டியை. முட்டை வெளியேறி ஐந்து நாள்வரை அந்தக் கட்டி இளசு; ஊசியை ஏறெடுத்தும் பார்க்காது. ஏறக்குறைய 6ஆம் நாள் முதல் 16ஆம் நாள்வரைதான் ஊசிக்கு மதிப்பு. அந்த இடைவெளியில் போட்டால் இரண்டு முதல் ஐந்து நாளுக்குள் பருவம் வரும். எந்த நாள் என்பது அப்போது சினைப்பையில் வளர்ந்துகொண்டிருக்கும் முட்டைக் கொப்புளத்தின் அளவைப் பொறுத்தது. ஊசி போட்ட மறுநாள் பார்த்துவிட்டு, "பலிக்கவில்லை" என்று விட்டுவிடுகிறவர்களும் உண்டு.

தேதியே தெரியாத மாட்டுக்கு 11 நாள் இடைவெளியில் இரண்டு ஊசி போடும் முறை இருக்கிறது. முதல் ஊசிக்குத் தப்பிய மாடு இரண்டாவதுக்குச் சிக்கும். ஆனால் சினை இல்லை என்று உறுதியான பிறகுதான். சினை மாட்டுக்குப் போட்டால் கரு கலையும். வெள்ளாட்டில் இன்னும் கவனம் வேண்டும்: ஆட்டின் சினை ஐந்து மாதமும் மஞ்சள் கட்டியை நம்பித்தான் நிற்கிறது, எந்த மாதத்தில் போட்டாலும் கலைந்துவிடும்.

இன்னொன்றைச் சற்றுக் கண்டிப்பாகவே சொல்கிறேன். இந்த மருந்து தோல் வழியாக உள்ளே போகும். கர்ப்பிணிகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் அந்தப் புட்டியைத் தொடவே கூடாது. தொழுவ வேலையில் பாதிக்கு மேல் பெண்கள் செய்வது. "மருமகள் பிடித்துக்கொள்ளட்டும்" என்று சொல்லும்முன் மருமகளுக்கு நாள் தள்ளியிருக்கிறதா என்று கேளுங்கள். கையில் பட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

ஆச்சி வீட்டுப் பசுவுக்கு நான் ஒன்றும் போடவில்லை. புரட்டாசி 16 இரண்டாம் நாள் என்றால் பருவம் 14ஆம் தேதி. அடுத்தது ஐப்பசி நாலு வாக்கில். 3ஆம் தேதியிலிருந்து நான்கு இரவு தொழுவ விளக்கை அணைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். நாலாம் தேதி இரவு பதினொன்றரைக்குத் தொலைபேசி அடித்தது.

பருவம் சரி, கோழை சுத்தம், மூன்று சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போட்டும் நிற்கவில்லை

மீண்டும் காலண்டர். இந்த முறை இடைவெளியைப் பாருங்கள்.

சரியாக 18 முதல் 24 நாளில் திரும்புகிறதா? கரு உருவாகவே இல்லை, அல்லது உருவாகி இரண்டு வாரத்துக்குள் அழிந்தது. முதலில் நேரத்தைச் சந்தேகியுங்கள்: காலையில் பருவம் கண்டால் அன்று மாலை, மாலையில் கண்டால் மறுநாள் காலை ஊசி. பருவம் முடிந்து பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் முட்டை வெளியேறுகிறது. சினை ஊசி போட வருபவர் தன் பஸ் நேரத்துக்குப் போட்டுவிட்டுப் போனால் முட்டை காத்திருக்காது.

25 முதல் 40 நாளுக்குள் திரும்புகிறதா? கரு தங்கியிருக்கிறது, பிறகு இறந்திருக்கிறது. இங்கே நடந்ததைப் புரிந்துகொண்டால் பாதி வைத்தியம் முடிந்தது. பசுவின் கரு 15, 16ஆம் நாளில் மெல்லிய நூல்போல நீண்டு, இன்டர்ஃபெரான் டவ் என்ற புரதத்தைக் கசியவிடும். "நான் இருக்கிறேன், கரைக்காதே" என்று கருப்பைக்கு அது சொல்லும் செய்தி. கருப்பை உடனே எஃப்-2 ஆல்ஃபா அனுப்புவதை நிறுத்தும். இடைவெளி நீண்டிருந்தால் அந்தச் செய்தி போய்ச் சேர்ந்திருக்கிறது. பிறகுதான் வெப்பமோ, தொற்றோ, ஊட்டக்குறைவோ கருவைக் கொன்றிருக்கிறது. சித்திரை வெயிலில் ஓட்டுக் கொட்டகையில் மூச்சிரைக்கும் மாட்டுக்கு மருந்தைவிட நிழலும் தண்ணீரும் முந்தி.

பத்து நாளிலேயே திரும்பினால் பயப்பட வேண்டாம். கன்று போட்ட பிறகு வரும் முதல் சுழற்சி பெரும்பாலும் குட்டையாகத்தான் இருக்கும். கருப்பை அவசரப்பட்டு முன்கூட்டியே எஃப்-2 ஆல்ஃபாவை அனுப்பிவிடுகிறது. அடுத்தது சரியாகிவிடும்.

கோழையில் வெள்ளைத் திப்பிகள் தெரிந்தால் கருப்பை அழற்சி. அதில் ஒரு விந்தை உண்டு. கிருமிகளின் நஞ்சு கருப்பைச் செல்களின் உற்பத்தியையே மாற்றிவிடுகிறது. எஃப்-2 ஆல்ஃபாவுக்குப் பதில் இ-2 என்ற வேறு புரோஸ்டாகிளாண்டின் அதிகம் வருகிறது. எஃப் கரைப்பது, இ காப்பது. மஞ்சள் கட்டி கரையாமல் நிற்க, கருப்பை வாய் மூடிக்கொள்ள, சீழ் உள்ளேயே தேங்குகிறது. பருவமும் வராது, சினையும் இல்லை, வயிறு மட்டும் கனக்கும். இந்த மாட்டுக்கு அதே எஃப்-2 ஆல்ஃபா ஊசிதான் முதல் மருந்து. கட்டி கரைந்ததும் வாய் திறந்து சீழ் வெளியேறும்.

முள்ளங்கி, சோற்றுக் கற்றாழை, முருங்கைக் கீரை, பிரண்டை, கறிவேப்பிலை என்று வரிசையாகக் கொடுக்கும் நாட்டு முறையைக் கேட்கிறவர்கள் நிறைய. கொடுங்கள், கெடுதல் இல்லை. ஆனால் சீழ் இருக்கும் மாட்டுக்குப் பிரண்டையை மட்டும் நம்பி மூன்று பருவத்தை இழக்காதீர்கள். ஆளி விதை கொடுத்தால் ஒமேகா-3 சேர்ந்து கரு நிற்கும் என்று சொல்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: முதல் வயிற்று நுண்ணுயிர்கள் அதன் பெரும்பகுதியைச் சாதாரணக் கெட்டிக் கொழுப்பாக மாற்றிவிடும். கருப்பைவரை போய்ச் சேர்வது சொற்பம்.

நஞ்சுக்கொடி விழவில்லை

பன்னிரண்டு மணி நேரம் பொறுங்கள். இழுக்காதீர்கள், செங்கல்லைக் கட்டித் தொங்கவிடாதீர்கள். கன்று போட்ட இரண்டு மணி நேரத்துக்குள் ஒரு முள்ளங்கி, பிறகு வெல்லமும் உப்பும் சேர்த்து வெண்டைக்காய் கொடுப்பதில் தவறில்லை. பன்னிரண்டு மணி தாண்டினாலோ, காய்ச்சல், நாற்றம், தீனி எடுக்காமை என்று எது தெரிந்தாலுமோ அழையுங்கள்.

சினை வெள்ளாடு ஈனுமுன் படுத்துவிட்டது

கடைசி ஒரு மாதத்தில், வயிற்றில் இரண்டோ மூன்றோ குட்டி, ஆடு தனியே ஒதுங்கி, தீனியை முகர்ந்துவிட்டுத் திரும்பி, தலையைச் சுவரில் முட்டிக்கொண்டு நிற்கும். மூச்சில் பழம் அழுகிய இனிப்பு வாடை. குட்டிகள் கேட்கும் சர்க்கரையைத் தர முடியாமல் கொழுப்பு வெள்ளமாகக் கரைந்து ஈரலை அடைத்துவிட்ட நிலை இது. நன்றாகக் கொழுத்த ஆட்டுக்குத்தான் இது அதிகம் வரும் என்பதை யாரும் நம்புவதில்லை. வெல்லக் கரைசல் கொடுத்து ஒரு நாளைக் கழிக்காதீர்கள். முதல் வயிற்று நுண்ணுயிர்களே அந்த வெல்லத்தைத் தின்றுவிடும். அதே நாளில் மருத்துவர் வேண்டும். தடுப்பது சுலபம்: ஈனுவதற்கு முந்தைய ஆறு வாரம் சிறிது சிறிதாக அடர்தீவனம்.

நாள் கடந்தும் ஈனாமல், வயிறு மட்டும் பெருத்து, ஒருநாள் குடம் குடமாகத் தண்ணீர் கொட்டி உள்ளே குட்டியே இல்லை என்றால் அது பொய்ச் சினை. கரையாத மஞ்சள் கட்டியின் விளையாட்டு. ஸ்கேனில் முன்பே தெரிந்தால் எஃப்-2 ஆல்ஃபா ஊசியே போதும்.

கோழிக்கும் ஒரு வரி: மஞ்சள் கருவில் மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு, அதை ஈரல் செய்து அனுப்புகிறது. அரிசியும் சோளமும் அளவில்லாமல் தின்று கொழுத்த பெட்டை முட்டையை நிறுத்தினால் தீனியைக் குறையுங்கள். அதற்கு டானிக் வேண்டாம்.

பெண் பிள்ளைக்கு மாதவிடாய் வலி

ஆச்சியின் பேத்தி முதல் நாள் பட்டாலைத் தூணில் சாய்ந்து சுருண்டு படுத்திருந்தாள். வாந்தி, இரண்டு முறை வயிற்றுப்போக்கு. "எதையோ கண்டபடி தின்றிருக்கிறாள்" என்றார் ஆச்சி. தின்றது காரணமில்லை. புரோஜெஸ்ட்டிரோன் இறங்கியதும் கருப்பையின் உள்தோல் உதிர்கிறது. உதிரும் செல்களின் சுவரிலிருந்து அதே எஃப்-2 ஆல்ஃபா ஏராளமாக வெளிவருகிறது. கருப்பைத் தசை இறுகி இரத்த ஓட்டம் நெரிபடுவதுதான் வலி. மிச்சம் குடலை எட்டினால் போக்கு, வாந்தி. முதல் நாள், இரண்டாம் நாள் கடுமையாகி மூன்றாம் நாள் தணிவது இதனால்தான்.

மெஃபனாமிக் அமிலம், ஐப்யூபுரோஃபென் போன்ற மாத்திரைகள் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியையே தடுக்கின்றன. ஆஸ்பிரின் வகை மருந்துகள் இப்படித்தான் வேலை செய்கின்றன என்பதை ஜான் வேன் 1971இல் காட்டினார். வந்து சேர்ந்துவிட்டதை அவை அழிக்காது. வலி உச்சிக்கு ஏறிய பின் விழுங்கினால் பாதிப் பலன்தான். மருத்துவர் சொன்ன அளவில், இரத்தம் கண்டதுமே அல்லது வலி தொடங்கியதுமே, வயிற்றில் ஆகாரத்தோடு எடுத்துக்கொள்ள வேண்டும். இங்கேயும் நேரந்தான் மருந்து. ஆஸ்துமா, வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இவை ஆகா.

உளுந்தங்களியில் ஊற்றும் நல்லெண்ணெயில் லினோலெயிக் அமிலம் ஐந்தில் இரண்டு பங்கு இருக்கும். அதிலிருந்துதான் உடல் அராக்கிடோனிக் அமிலத்தைச் செய்துகொள்கிறது. "அப்படியானால் களி வலியைக் கூட்டுமா?" என்று தங்கையிடம் கேட்டேன். உடல் தனக்கு வேண்டிய அளவுக்குத்தான் அதை மாற்றும், ஊற்றிய அளவுக்கு மாற்றாது என்றாள். களியைச் சந்தேகப்பட வேண்டியதில்லை. தொண்டியிலிருந்து வரும் சாளை மீன் போன்றவற்றில் இருக்கும் ஒமேகா-3 சில ஆய்வுகளில் வலியைச் சற்றுக் குறைத்திருக்கிறது.

வலி மாதாமாதம் கூடிக்கொண்டே போனால், இரத்தம் நின்ற பிறகும் தொடர்ந்தால், மூன்று மாதம் முறையாக மாத்திரை எடுத்தும் கேட்காவிட்டால் அது வேறு கதை. கருப்பையின் உள்தோல் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் இருக்கலாம். "கல்யாணமானால் சரியாகிவிடும்" என்று வருடங்களைத் தள்ளாதீர்கள்.

தீட்டு மூன்று மாதமாக வரவில்லை

கலியாணமானவர் என்றால் முதலில் கர்ப்பச் சோதனை. தொழுவத்தில் சொன்ன அதே ஒழுங்கு. பிறகு எடை எந்தப் பக்கம் நகர்ந்தது என்று பாருங்கள்.

குறைந்திருந்தால், விடுதிச் சாப்பாடு பிடிக்காமல், போட்டிப் பயிற்சியில், பட்டினி உணவுமுறையில் மெலிந்திருந்தால், மெலிந்த பசுவுக்குச் சொன்னதேதான்: லெப்டின் தாழ்ந்து மூளை கையைக் கட்டிக்கொள்கிறது. 1994இல் லெப்டினைக் கண்டுபிடித்த பிறகுதான் கொழுப்புத் திசு தானே செய்தி அனுப்பும் உறுப்பு என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். இந்தப் பிள்ளைக்குச் சாப்பாடும் ஓய்வும்தான் முதலில்.

கூடியிருந்தால், கழுத்தின் பின்புறம் கறுத்து வெல்வெட்டுப் போல இருந்தால், முகத்தில் முடியும் பருவும் இருந்தால், பி.சி.ஓ.எஸ். என்ற சினைப்பைக் கோளாறு பற்றி யோசிக்க வேண்டும். "நீர்க்கட்டி" என்ற பெயர் வீட்டையே கலங்கடிக்கிறது. ஸ்கேனில் தெரிபவை முதிராமல் பாதியில் நின்ற முட்டைக் கொப்புளங்கள். வெட்டி எடுக்கும் கட்டிகள் இல்லை. இன்சுலின் கூடுவதால் சினைப்பை ஆண் ஹார்மோனை அதிகம் செய்கிறது. அதற்கும் மூலப்பொருள் கொலஸ்ட்ரால்தான். இருக்கும் எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே பலருக்கு முட்டை மீண்டும் வெளியேறத் தொடங்குகிறது. எண்பது கிலோ என்றால் நாலு முதல் எட்டுக் கிலோ. தைராய்டு, புரோலாக்டின் சோதனைகளை விட்டுவிடக் கூடாது. ஒல்லியான பெண்ணுக்கும் பி.சி.ஓ.எஸ். வரும்.

குழந்தைக்காகக் காத்திருப்பவர்கள் மாத நடுவில் மூட்டுவலி, தலைவலிக்கென்று இந்த வலி மாத்திரைகளைத் தொடர்ந்து விழுங்க வேண்டாம். முட்டைக் கொப்புளம் வெடிக்கவும் புரோஸ்டாகிளாண்டின் வேண்டும். தடுத்தால் சிலருக்கு வெடிக்காமலே போகும். கர்ப்பத்தில் 20 வாரத்துக்குப் பிறகு மருத்துவர் சொல்லாமல் இவற்றைத் தொடவே கூடாது. இரத்தக் கொதிப்பு அபாயத்துக்காக மருத்துவர் எழுதித் தந்த குறைந்த அளவு ஆஸ்பிரின் மட்டும் வேறு கணக்கு. அதை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

நாள் தாண்டியும் பிரசவ வலி வரவில்லை

இதற்கு வீட்டில் ஒரு கை வைத்தியம் உண்டு: விளக்கெண்ணெய். நானே என் அப்பத்தா காய்ச்சித் தந்த விளக்கெண்ணெயில் வளர்ந்தவள். அதைப் பழிக்க மாட்டேன். ஆமணக்கு எண்ணெயில் பெரும்பகுதியாக இருக்கும் ரிசினோலெயிக் அமிலம், புரோஸ்டாகிளாண்டின் இ-2 உட்காரும் இருக்கைகளில் ஒன்றில் தானும் போய் உட்கார்ந்துகொள்கிறது என்று 2012இல் எலிகளில் காட்டினார்கள். குடலிலும் அதே இருக்கை, கருப்பையிலும் அதே இருக்கை. அப்பத்தாக்கள் கண்டது பொய்யில்லை.

அதனால்தான் ஆபத்து. மருத்துவமனையிலும் கருப்பை வாயை இளக்கப் புரோஸ்டாகிளாண்டின் ஜெல்லோ மாத்திரையோதான் வைக்கிறார்கள். ஆனால் குழந்தையின் இதயத் துடிப்பைப் பார்த்துக்கொண்டு, அளந்து வைக்கிறார்கள். முன்பு சிசேரியன் ஆனவர்களுக்கு அதையும் தவிர்க்கப் பார்ப்பார்கள். பழைய தையல் பிளக்கும். கரண்டியில் ஊற்றும் எண்ணெய்க்கு அளவும் இல்லை, நிறுத்தும் வழியும் இல்லை.

நாள் தாண்டினால் மருத்துவமனைக்குப் போங்கள். பனிக்குடம் உடைந்தாலோ, இரத்தம் கண்டாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். யாராவது ஏற்கெனவே எண்ணெயைக் கொடுத்துவிட்டிருந்தால் அங்கே மறைக்காமல் சொல்லுங்கள்: எவ்வளவு, எத்தனை மணிக்கு.